நாலு கல்லு மேல நின்ன வீடு: குவாதலூப்ல எங்க குடும்பத்தைத் தேடின அனுபவம்

எனக்குக் கல்யாணம் முடிவான சமயம், மாப்பிள்ளையோட குடும்பப் பேரைக் கேட்டதும் எங்கம்மா போன்லயே, "ஏன்டி, இது நம்ம பக்கத்துப் பேரு மாதிரில்ல இருக்கு, பிரான்ஸ்காரர்னு சொன்ன?"ன்னாங்க. பிரான்ஸ்காரர்தான், ஆனா குவாதலூப். கரீபியன் கடல்ல இருக்குற தீவு, இன்னைக்கும் பிரான்ஸோட ஒரு பகுதி. அவங்க வீட்டுல யாருக்கும் ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, எல்லாரும் கத்தோலிக்கம், பேசுறது பிரெஞ்சும் கிரியோலும் (பிரெஞ்சுல இருந்து உருவான தீவுப் பேச்சு), ஆனா பேரு மட்டும் நம்ம ஊர் ரேஷன் கார்டுல இருக்குற மாதிரி. அந்தப் பேரை இங்க எழுத வேணாம்னு வீட்டுல கண்டிஷன் போட்டுட்டாங்க, அதனால அதை மட்டும் விட்டுட்டு மத்ததை சொல்றேன்.

நான் பொறந்தது புதுச்சேரி முத்தியால்பேட்டை. இப்ப பாரிஸ் பக்கத்துல சார்செல்ல இருக்கோம். சரித்திரம் படிச்சவ இல்ல, கணக்கு எழுதுற வேலைதான். இதுல இறங்கினதே ஒரு நொத்தேர் அனுப்பின லெட்டராலதான் (பத்திரம் வாரிசு எல்லாம் பாக்குறவங்கள இங்க அப்படித்தான் சொல்வோம், புதுச்சேரிக்காரங்களுக்குத் தெரியும்). 2019ல மாமனார் தவறினதுக்கப்புறம் வந்துச்சு. காபெஸ்தேர்-பெல்-ஓ ஊர்ல இருக்குற வீடும் மனையும் இன்னும் மாமனாரோட அப்பா பேர்லயே இருக்கு, அவரு செத்து 25 வருஷம் ஆச்சு, பங்கு பிரிக்கவே இல்ல, வாரிசு எல்லாரையும் கண்டுபிடிச்சு பிறப்புச் சான்றிதழோட லிஸ்ட் குடுங்கன்னு. வீட்டுக்காரர் அந்த லெட்டரை ஃப்ரிட்ஜ் மேல காந்தம் வச்சு ஒட்டிட்டு மூணு மாசம் அதைப் பாத்துக்கிட்டே பால் எடுத்தாரு. கடைசியில நான்தான் எடுத்து உக்காந்தேன்.

முதல்ல பின்னணி கொஞ்சம், தெரியாதவங்களுக்கு. 1848ல பிரெஞ்சு தீவுகள்ல அடிமை முறையை ஒழிச்சாங்க. கரும்புத் தோட்ட முதலாளிங்களுக்கு ஆள் பத்தல. இந்தியாவுல இருந்து அஞ்சு வருஷ ஒப்பந்தத்துல கூலிக்கு ஆள் கொண்டு வர ஆரம்பிச்சாங்க. குவாதலூப்புக்கு முதல் கப்பல் ஒரேலி, 1854 டிசம்பர் 24ஆம் தேதி வந்து நின்னுது. அதுல இருந்து 1889 வரைக்கும் சுமார் 42,000 பேர். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகத்துல ஏத்தினவங்கதான் நிறைய, பின்னாடி கல்கத்தாவுல இருந்தும் வந்தாங்க. அஞ்சு வருஷம் முடிஞ்சா திரும்ப கூட்டிட்டுப் போய் விடணும்னு ஒப்பந்தம். கொஞ்ச பேர் திரும்பினாங்க, நிறைய பேர் நோயில செத்தாங்க, மிச்சம் அங்கயே தங்கிட்டாங்க. வேங்கடாசலம் அங்க போய் வேங்கதசலோம் ஆச்சு, அருணாசலம் அர்னசலோன், வைத்திலிங்கம் வய்த்திலாங்கோன், லட்சுமணன் லட்சுமனேன், வீரப்பன் விரபேன். பிரெஞ்சு குமாஸ்தா காதுக்கு எப்படி விழுந்துச்சோ அப்படி.

இப்ப நான் பண்ணின முதல் தப்பு. பேரைப் பாத்த உடனே எனக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு மெதப்பு. நாமதான் தமிழாச்சே! மாமியார் கிட்ட, நாத்தனார் கிட்ட எல்லாம், "இது ஒரு ஆம்பளை பேரு, முதல்ல கப்பல்ல வந்த தாத்தாவோட பேரு, அவரு புதுச்சேரிக்காரர்"னு அடிச்சு சொன்னேன். வீட்டுலயும் அப்படி ஒரு கதை இருந்துச்சு, பாண்டிச்சேரியில நகை வியாபாரம் பண்ணின தாத்தா ஒருத்தர் தானா ஆசைப்பட்டு கப்பல் ஏறினாருன்னு. எனக்கு ஒரே பெருமை, எங்க ஊரு, ஒருவேளை எங்க தெருவாக்கூட இருக்கலாம்னு. அம்மா கிட்ட சொல்லி அம்மா தெரு முழுக்க சொல்லியாச்சு. ரெண்டுமே தப்புன்னு தெரிய ஒன்றரை வருஷம் ஆச்சு.

சரி, எங்க ஆரம்பிக்கிறது? நெட்ல ஆரம்பிக்காதீங்க. வீட்டுல இருக்குற பெரியவங்க கிட்ட ஆரம்பிங்க, அதுவும் சமையல் நேரத்துல. மாமியாரை உக்கார வச்சு பேப்பர் பேனாவோட "மம்மா, உங்க மாமனாரோட அப்பா பேரு என்ன?"ன்னு கேட்டேன், தெரியாதுன்னாங்க. அவரோட அம்மா? தெரியாது. எப்ப பொறந்தாரு? "எனக்கென்ன தெரியும், நான் மெரியிலயா வேலை பாத்தேன்?" (மெரின்னா ஊரோட நகராட்சி ஆபீஸ், பிறப்பு இறப்பு பதியுறது அங்கதான்.) அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு பேட்டி. ஒரு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை அவங்க கொலம்போ பண்ணிட்டு இருந்தாங்க. கொலம்போன்னா நம்ம குழம்புத் தூளேதான், மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள் போட்டு அரைச்சது, அந்தப் பேரே குழம்புல இருந்து வந்ததுன்னு சொல்றவங்க உண்டு. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டே சும்மா, "அந்தக் காலத்துல காபெஸ்தேர்ல தண்ணி எங்க இருந்து பிடிப்பாங்க?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான், அணை உடைஞ்ச மாதிரி. தண்ணிக்கு ஆறு, ஆத்துக்குப் போற வழியில யாரோட வீடு, அந்த வீடு அதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு, எந்த வருஷப் புயல்ல கூரை போச்சு, புருஷனோட தாத்தா கடைசி காலத்துல எந்த ரூம்ல படுத்திருந்தாருன்னு கேள்விப்பட்டாங்க, எல்லாம் வந்துச்சு.

"அந்த வீடு அதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு"ன்னு அவங்க சொன்னது எனக்கு முதல்ல புரியல. வீடு எப்படி வேற இடத்துல இருக்கும்? அப்புறம்தான் விளக்கினாங்க. அங்க ஏழைங்களோட வீடு மரத்துல பண்ணின சின்ன ரெண்டு ரூம் வீடு, காஸ்னு சொல்வாங்க, அஸ்திவாரம் கிடையாது, நாலு மூலைக்கு நாலு பெரிய கல்லு, அது மேல தூக்கி வச்சிருக்கும். நிலம் தோட்டத்து முதலாளியோடது, இல்லன்னா வாடகைக்கு. வீடு மட்டும்தான் சொந்தம். முதலாளி காலி பண்ணச் சொன்னா, இல்ல வேற தோட்டத்துல வேலை கிடைச்சா, வீட்டையே தூக்கிட்டுப் போயிடுவாங்க. முன்னாடி காலத்துல மாட்டு வண்டி, பின்னாடி லாரி. அக்கம்பக்கத்து ஆம்பளைங்க எல்லாம் வந்து அடியில கட்டையைக் குடுத்து தூக்குவாங்க, பொம்பளைங்க சமைப்பாங்க, ரம் ஓடும். எங்க மாமனார் ஆறு வயசுல தூக்கின வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு ஜன்னல் வழியா கை ஆட்டிக்கிட்டே ஊர்கோலம் மாதிரி போனாராம், அவங்க அம்மா பின்னாடி ஓடி வந்து திட்டிக்கிட்டே.

இதைக் கேட்ட பிறகுதான் நான் ஏன் ரெண்டு மாசமா பத்திரம் தேடி ஒண்ணும் கிடைக்கலன்னு புரிஞ்சுது. தலைமுறையா வீடு இருந்திருக்கு, ஆனா 1972 வரைக்கும் இவங்க பேர்ல ஒரு அடி நிலம் கிடையாது. கரீபியன்ல வீடு தேடுறவங்க இதை மனசுல வச்சுக்கோங்க, வீடு இருந்தா பத்திரம் இருக்கும்னு நம்ம ஊர் கணக்கு போடாதீங்க.

இனி பதிவேடு. பிரெஞ்சு காலனியா இருந்த ஊருங்களோட எத்தா சிவில் பதிவெல்லாம் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் ஊர்ல இருக்குற கடல்கடந்த ஆவணக் காப்பகத்துல இருக்கு, சுருக்கமா அனோம்னு சொல்வாங்க. 1900களோட ஆரம்பம் வரைக்கும் உள்ள பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவுகளை போட்டோ எடுத்து வெப்சைட்ல போட்டிருக்காங்க, காசு கிடையாது, கணக்கு தொடங்க வேணாம். ஆனா பேரை டைப் பண்ணித் தேட முடியாது. தீவு, ஊரு, வருஷம் மூணையும் தேர்ந்தெடுத்து, பக்கம் பக்கமா நீங்கதான் புரட்டணும். அதனாலதான் சொல்றேன், ஊரு தெரியாம உள்ள போனா முழுகிடுவீங்க. ஒரு வழி என்னன்னா, நிறைய வருஷங்களுக்கு பதிவேட்டோட கடைசிப் பக்கங்கள்ல அகரவரிசை பட்டியல் இருக்கும், நேரா கடைசிக்குப் போய் அதைப் பாத்துட்டு நம்பரை வச்சு முன்னாடி வாங்க. நான் இது தெரியாம முதல் மாசம் முழுக்க முதல் பக்கத்துல இருந்து படிச்சுக்கிட்டு இருந்தேன், கண்ணு போச்சு.

இன்னொரு முட்டாள்தனமும் பண்ணினேன். காபெஸ்தேர்னு போட்டுத் தேடினேன், கிடைச்சுது, ரெண்டு வாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல உக்காந்து பதினஞ்சு வருஷப் பதிவைப் புரட்டினேன், நம்ம ஆளுங்க பேரு ஒண்ணுகூட இல்ல. மூணாவது வாரம் வீட்டுக்காரர் தோள் மேல எட்டிப் பாத்துட்டு, "இது மரி-கலாந்த் காபெஸ்தேர் ஆச்சே, எங்க ஊரு வேற"ன்னாரு. பக்கத்துல இருக்குற குட்டித் தீவுலயும் ஒரு காபெஸ்தேர் இருக்கு. அன்னைக்கு ராத்திரி நான் யார்கூடயும் பேசல.

1900க்குப் பின்னாடி உள்ளதுக்கு மெரிக்கு எழுதணும், இல்லன்னா கூர்பேர்ல இருக்குற குவாதலூப் மாவட்ட ஆவணக் காப்பகம். பிறப்பு, கல்யாணம்னா 75 வருஷம் தாண்டினா யார் வேணும்னாலும் கேக்கலாம், அதுக்குள்ளன்னா நேர் வாரிசுன்னு காட்டணும், இறப்புப் பதிவுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது, யார் வேணும்னாலும் கேக்கலாம். வீட்டுக்காரரோட தாத்தா பிறப்புப் பதிவு 1911ஆம் வருஷத்து. அதுல குடும்பப் பேரு ஒரு மாதிரி, அவரோட அண்ணன் பதிவுல ஒரு எழுத்து கம்மி, தங்கச்சியோடதுல முழுசாவே வேற. ஒரே அப்பா அம்மா, ஒரே மெரி! நம்ம வீட்டுலயும்தான் ஆதார்ல ஒண்ணு பாஸ்போர்ட்ல ஒண்ணு இருக்கு, அதனால எனக்கு அதிர்ச்சி எல்லாம் இல்ல, ஆனா நொத்தேருக்கு இருந்துச்சு.

தாத்தாவோட அப்பாவுக்குக் கல்யாணம் 1903, காபெஸ்தேர்ல. அந்தப் பதிவுலதான் அவரு பொறந்த ஊரு காபெஸ்தேர் இல்ல, தீவோட இன்னொரு பக்கம் கிராந்த்-தேர்ல இருக்குற பெத்தி-கனால்னு தெரிஞ்சுது. பெத்தி-கனால் 1874 பதிவுக்குப் போனேன். கிடைச்ச பக்கத்தை இன்னும் மொபைல்ல வச்சிருக்கேன். சாஞ்ச எழுத்து, மை பரவிப் போயிருக்கு. தோட்டத்து மேனேஜர் மெரிக்கு வந்து சொல்றாரு, நாலு நாளைக்கு முன்னாடி தோட்டத்துல ஒரு ஆம்பளைக் குழந்தை பொறந்துச்சுன்னு. குழந்தையோட அம்மா இந்தியப் பெண், வயல் கூலி, வயசு சுமார் 26, இந்தக் கப்பல்ல வந்தவ, மத்ரிக்குல் நம்பர் (கூலியா வந்த ஒவ்வொருத்தருக்கும் குடுத்த பதிவு நம்பர்) இது. குழந்தைக்கு ஒரு கிறிஸ்தவப் பேரு. அப்பா பேருக்கு ஒண்ணும் இல்ல, அந்த வரியே இல்ல. அம்மாவோட பேரைப் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். எங்க குடும்பப் பேரு!

நான் ஆம்பளை பேருன்னு அடிச்சு சொன்னது, ஒரு பொண்ணோட சொந்தப் பேரு. அங்க இந்தியர்களுக்குக் குடும்பப் பேருன்னு தனியா ஒண்ணு கிடையாது, ஒரு பேரு, அப்பன் பேரு, அவ்வளவுதான். அப்பா பதிவுல இல்லன்னா அம்மாவோட பேரே பிள்ளைக்கு குடும்பப் பேராப் போயிடும். எழுத்துல கடைசி அசை சிதைஞ்சு போனதால நான் ஆம்பளை பேரா படிச்சிருக்கேன், தமிழ் தெரிஞ்சதுதான் எனக்கு இதுல எதிரி. அஞ்சு தலைமுறை ஆம்பளைங்க ஒரு கூலிக்காரப் பொண்ணு பேரைச் சுமந்துக்கிட்டு, நகை வியாபாரித் தாத்தா கதை சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க.

அந்தம்மாவோட இறப்புப் பதிவும் பெத்தி-கனால்லயே 1899ல கிடைச்சுது. அதுல வயசு சுமார் 60னு போட்டிருக்கு. 1874ல 26னா 1899ல 51தான வரணும். நடுவுல இன்னொரு குழந்தையோட பதிவுல வேற வயசு. பேரும் மூணு பதிவுல மூணு விதமா எழுதியிருக்கு, கப்பல் பேரை நாங்க மூணு பேர் மூணு விதமா படிச்சோம். மாறாம இருந்தது அந்த மத்ரிக்குல் நம்பர் மட்டும்தான். இந்திய ஒப்பந்தக் கூலி வம்சம் தேடுறவங்க கண்டிப்பா செய்ய வேண்டியது இதுதான், நம்பரைப் பிடிங்க, விடாதீங்க. பேரு, வயசு, எதையும் நம்பாதீங்க.

இறப்புப் பதிவுல இன்னொரு வரி இருந்துச்சு, பொறந்த இடம் தஞ்சாவூர்னு பிரெஞ்சுல கோணலா. புதுச்சேரி இல்ல. துறைமுகம்தான் புதுச்சேரி. ஆள் பிடிக்கிறவங்க உள்நாட்டுல இருந்து கூட்டிட்டு வந்து இங்க ஏத்தியிருக்காங்க, கேட்டா எல்லாரும் "பாண்டிச்சேரியில இருந்து வந்தோம்"னுதான் பிள்ளைங்க கிட்ட சொல்லியிருப்பாங்க, கடைசியாப் பாத்த ஊரு அதுதான. எங்கம்மாவுக்கு போன் பண்ணி தஞ்சாவூர்மான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. "தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேடி"ன்னாங்க. தஞ்சாவூர்ல எந்த கிராமம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, மாவட்டம் மட்டும்தான் எழுதியிருக்கு.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். 1874ல பொறந்த அந்த மகன் வாக்காளர் பட்டியல்லயும் இல்ல, ராணுவப் பதிவுலயும் இல்ல, செத்துட்டாரோன்னு நினைச்சுட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அங்கயே பொறந்தாலும் இந்தியர் பிள்ளைங்கள பிரெஞ்சு குடிமக்களா ரொம்ப காலம் ஏத்துக்கல. காபெஸ்தேர்ல பொறந்த ஹென்றி சிதம்பரம்னு ஒருத்தர் (அங்க சிதம்பரோம்) 1904ல இதுக்காக சண்டை போட ஆரம்பிச்சாரு, 1923லதான் முடிவு வந்துச்சு. அதனால ஒரு பதிவுல ஆள் இல்லன்னா ஆளே இல்லன்னு அர்த்தம் கிடையாது, அவரை அங்க சேர்க்கவே இல்லாம இருந்திருக்கலாம்.

மரபணு டெஸ்ட் பண்ணலாமேன்னு நிறைய பேர் கேட்டாங்க. பிரான்ஸ்ல வம்சம் பாக்க தனியா டெஸ்ட் எடுக்குறது சட்டப்படி குத்தம், 3,750 யூரோ அபராதம். நான் பண்ணல. பண்ணினவங்களைத் தெரியும், அது அவங்க பாடு.

இப்ப மாமியார் பக்கம். நான் புருஷன் வீட்டு வழியவே நோண்டிக்கிட்டு இருக்குறதைப் பாத்து ஒரு நாள், "எனக்கு மட்டும் தாத்தா பாட்டி இல்லையா?"ன்னாங்க. மாமியார் ஆப்பிரிக்க வம்சம், 1951ல பெத்தி-கனால்ல பொறந்தவங்க. 1971ல புமிதோம் மூலமா பிரான்ஸ் வந்தாங்க, 1963ல இருந்து 1981 வரைக்கும் தீவுகள்ல இருந்து வேலைக்கு ஆள் கூட்டிட்டு வந்த அரசு அமைப்பு அது. முப்பது வருஷத்துக்கு மேல ஆஸ்பத்திரியில உதவியாளர் வேலை. மாமனாரைப் பாத்தது பாரிஸ்ல, தீவுல இல்ல. இந்திய வம்சத்துப் பையன்னு தெரிஞ்சதும் மாமியாரோட அப்பா ஊர்ல இருந்து லெட்டர் போட்டாராம், கூலி வீட்டுல பொண்ணு குடுக்க மாட்டேன்னு. அங்க அது திட்டுற வார்த்தை, "கூலி". கல்யாணத்துக்கு அவரு வரல. எங்க வீட்டுக்காரர் மாதிரி கலந்து பொறந்தவங்களுக்கு பத்தா-ஸென்தியென்னு ஒரு பேரு உண்டு, இப்ப சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க, அப்ப அப்படி இல்லையாம்.

ஆப்பிரிக்க வம்சத்துக்கு 1848தான் பெரிய சுவரு. அதுக்கு முன்னாடி அடிமைகளுக்குக் குடும்பப் பேரு கிடையாது. விடுதலை கிடைச்ச பிறகு ஒவ்வொரு ஊர்லயும் மெரியில வரிசையா நிக்க வச்சு ஒரு பதிவேட்டுல எழுதினாங்க, பழைய அடிமை நம்பர், முதல் பேரு, வயசு, அம்மா யாரு, அதோட அன்னைக்குக் குடுத்த புது குடும்பப் பேரு. குவாதலூப்ல இப்படி 80,000த்துக்கு மேல ஆளுங்க. இதை ஒரு சங்கம் வருஷக்கணக்கா உக்காந்து எடுத்து அன்ஷுகாஜ்னு ஒரு வெப்சைட்ல போட்டிருக்காங்க, அங்க பேரை டைப் பண்ணித் தேடலாம். கடவுளே, தேடலாம்! அனோம்ல புரட்டிப் புரட்டி நொந்தவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

மாமியாரோட அம்மா 1915ல பொறந்தவங்க. சின்ன வயசுல தன் பாட்டியைப் பாத்திருக்காங்க, அதை மாமியார் கிட்ட சொல்லியிருக்காங்க: பல்லு கிடையாது, மண் குழாய்ல புகையிலை பிடிப்பாங்க, ராத்திரி யாராவது மணி அடிச்சா உடனே எழுந்து உக்காந்துக்குவாங்க. அந்தப் பாட்டி 1921ல செத்துப் போன பதிவு கிடைச்சுது, 77 வயசு. அப்படின்னா 1848ல நாலு வயசு. தேடினேன். நாலு பேரு ஒரே குடும்பமா, அம்மா வயசு 31, மூணு குழந்தைங்க, நடுவுல உள்ளது பொண்ணு, வயசு 4, பேரும் அதே. ஒரே புதுப் பேரு நாலு பேருக்கும்.

மாமியார் சமையல்கட்டுல இருந்தாங்க. லேப்டாப்பை எடுத்துட்டுப் போய் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்த வரியை விரலால தொட்டாங்க, அந்த 4ங்குற எழுத்தை மட்டும். "எங்கம்மாவைத் தூக்கின கை"ன்னாங்க. அப்புறம் அடுப்பை அணைச்சுட்டு ரூமுக்குப் போய் கதவை சாத்திக்கிட்டாங்க. சாயங்காலம் வந்து, "அந்தத் தோட்டம் பேரு என்ன போட்டிருந்துச்சு?"ன்னு கேட்டாங்க.

இங்கதான் என் நோட்டு விஷயம் சொல்லணும். ஆரம்பத்துல நான் ஆளுக்கு ஒரு பக்கம்னு எழுதினேன். ஒரே பேரு பல ஆளு, ஒரே ஆளு பல பேருன்னு குழம்பிப் போயி, கோவத்துல எல்லாத்தையும் கிழிச்சுட்டு இடத்துக்கு ஒரு பக்கம்னு மாத்தினேன். பெத்தி-கனால் ஒரு பக்கம், அதுல தோட்டத்துக்கு ஒரு பக்கம், காபெஸ்தேர் ஒரு பக்கம், சார்செல் ஃபிளாட் ஒரு பக்கம். யாரு எந்த வருஷம் அங்க இருந்தாங்கன்னு மட்டும் எழுதுறது. மாமியார் கேட்டதும் தோட்டத்துப் பேரைப் பாத்து, அதுக்குப் பக்கம் போடலாம்னு நோட்டைத் திறந்தா, அந்தப் பேர்ல ஏற்கனவே ஒரு பக்கம் இருக்கு. என் கையெழுத்துலயே. 1874, அம்மா இந்தியப் பெண், வயல் கூலி.

அதே தோட்டம். ஒருவேளை ஒரே பேர்ல ரெண்டு தோட்டம் இருக்குமோன்னு (காபெஸ்தேர் பாடம்!) பழைய வரைபடம் எல்லாம் பாத்தேன், பெத்தி-கனால்ல அந்தப் பேர்ல ஒண்ணுதான். பிரெஞ்சு நில வரைபடத் துறையான ஐஜிஎன்னோட வெப்சைட்ல 1950கள்ல விமானத்துல இருந்து எடுத்த போட்டோ எல்லாம் இலவசமா இருக்கு, இன்னைக்கு உள்ள படத்தோட பக்கத்துல வச்சுப் பாக்கலாம். அந்தத் தோட்டத்துல காத்தாலை கோபுரம், அதுக்குக் கீழ ரெண்டு வரிசையா சின்னச் சின்னக் கூரைங்க. அடிமைகளுக்குக் கட்டின லைன் வீடு. 1848க்கு அப்புறம் அவங்க விட்டுட்டுப் போன அதே மாதிரி ரூம்கள்லதான் கப்பல்ல வந்த இந்தியர்களைக் குடிவச்சாங்க, இது தீவு முழுக்க நடந்தது. மாமியாரோட கொள்ளுப்பாட்டி நாலு வயசு வரைக்கும் படுத்திருந்த வரிசையில, இருபது முப்பது வருஷம் கழிச்சு என் புருஷனோட எள்ளுப்பாட்டி பிள்ளை பெத்திருக்காங்க. கூலி வீட்டுல குடுக்க மாட்டேன்னு லெட்டர் போட்ட தாத்தாவுக்கு இது தெரியாது. பேரை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போயிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது, ரெண்டு பேருக்கும் ஒரு எழுத்துகூட ஒத்துப் போகாது.

2022 அக்டோபர் கடைசியில குடும்பத்தோட போனோம். நவம்பர் 1 அங்க பெரிய விசேஷம், எல்லாரும் கல்லறையைக் கழுவி வெள்ளையடிச்சு ராத்திரி மெழுகுவத்தி ஏத்துவாங்க, மோர்ன்-ஆ-லோ ஊர்ல கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட கல்லறைங்க மலைச்சரிவு முழுக்க, சதுரங்கப் பலகையைச் சாய்ச்சு வச்ச மாதிரி. தேடுறவங்களுக்கு அது மாதிரி நாள் கிடைக்காது, எந்தக் கல்லறைக்கு யாரு மெழுகுவத்தி கொண்டு வராங்கன்னு பாத்தாலே சொந்தம் தெரிஞ்சுடும். எனக்கு அங்கதான் நொத்தேர் லிஸ்டுல காணாம இருந்த ரெண்டு பேரு கிடைச்சாங்க, பக்கெட்டும் பிரஷ்ஷுமா.

பெத்தி-கனால்ல அந்தத் தோட்டத்துக்குப் போனோம். காத்தாலை கோபுரம் பாதி நிக்குது, உள்ள ஒரு மரமே வளர்ந்திருக்கு. லைன் வீடு எதுவும் இல்ல, கரும்பு. மாமியார் கார்ல இருந்து இறங்கி ரோட்டோரமா நின்னு பாத்துட்டு, "நான் பொறந்த வீட்டுல இருந்து இது ஒரு கிலோமீட்டர்கூட இல்லையே, நாங்க இங்க கரும்பு திருடித் திம்போம்"னாங்க. ஊருக்குள்ள சர்ச்சுக்குப் போற கல் படிக்கட்டு இருக்கு, அடிமைகள் படிக்கட்டுன்னு சொல்வாங்க, ஓரத்துல ஆப்பிரிக்க இனங்களோட பேரு எழுதி வச்சிருக்காங்க, இபோ, காங்கோ, யொரூபான்னு. மாமியார் ஒவ்வொண்ணா வாசிச்சுக்கிட்டே ஏறினாங்க. எதுன்னு சொல்ல ஒரு பதிவும் இல்ல.

காபெஸ்தேர்ல சாஞ்ஜி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மாரியம்மனை அங்க மலியெமேன்னு சொல்றாங்க, பூசாரிக்கு வத்தியாலு (நம்ம வாத்தியார்!), மேளத்துக்கு தப்பு, வேப்பிலைக்கு வேப்பெலே. ஒரு பெரியவர் பிரெஞ்சு எழுத்துல எழுதின நோட்டைப் பாத்து தமிழ்ப் பாட்டு பாடினாரு, அர்த்தம் அவருக்கே தெரியாதாம், எனக்கும் பாதிதான் பிடிபட்டுச்சு, ஆனா கண்ணு கலங்கிடுச்சு. சரி, அதைத் தனியா எழுதணும், இங்க வேணாம்.

வீடு. அதுக்காகத்தான இவ்வளவும். நாலு கல்லு மேல நின்ன பழைய காஸை 1989 செப்டம்பர்ல ஹூகோ புயல் ஒரே ராத்திரியில கொண்டு போயிடுச்சு, தாத்தாவும் பாட்டியும் பக்கத்துல ஸ்கூல்ல இருந்ததால தப்பிச்சாங்க. அப்புறம் பிள்ளைங்க பிரான்ஸ்ல இருந்து பணம் அனுப்பி அதே மனையில கான்கிரீட் வீடு கட்டினது. அதுல இப்ப ஒரு அத்தை மட்டும் இருக்காங்க, 80 வயசு. பின்பக்கம் மாமரத்தடியில நாலு கருங்கல்லு, ஒண்ணு மேல பூந்தொட்டி, ஒண்ணுல உக்காந்து அத்தை மீன் கழுவுறாங்க. "இதா? இது வீடு"ன்னாங்க. எனக்கு ஒரு நிமிஷம் பிடிச்சுது புரிய. மூணு தடவை வீடு எடம் மாறினப்பவும் வண்டியில ஏத்தி வந்த அதே கல்லுங்களாம், பெத்தி-கனால் பக்கத்துல இருந்தே வந்ததுன்னு அவங்க மாமியார் சொன்னாங்களாம். அதுக்குப் பதிவேடு எதுவும் கிடையாது, எழுதிக்கிட்டேன்.

பங்கு பிரிக்காத சொத்து அங்க பெரிய தலைவலி, ஊருக்கு ஊரு பாழடைஞ்ச வீடு அதனாலதான் நிக்குது, ஒருத்தர் ஒத்துக்கலன்னாலும் விக்கவோ பிரிக்கவோ முடியாம. 2018 டிசம்பர்ல ஒரு சட்டம் வந்துச்சு, கொண்டு வந்த மார்த்தினிக் (இன்னொரு பிரெஞ்சு கரீபியன் தீவு) எம்பி பேர்ல லெச்சிமி சட்டம்னு சொல்வாங்க, பேரைக் கேட்டதும் நமக்கு லெச்சுமின்னுதான காதுல விழுது! சட்டம் வந்தப்ப இருந்த விதிப்படி, இறந்து பத்து வருஷத்துக்கு மேல ஆன சொத்துன்னா பாதிக்கு மேல பங்கு இருக்குறவங்க ஒத்துக்கிட்டாப் போதும், நொத்தேர் மத்தவங்களுக்கு நோட்டீஸ் குடுத்து மேற்கொண்டு போகலாம். இந்த மாதிரி சொத்து இருக்குறவங்க முதல்ல நொத்தேர் கிட்ட இந்தச் சட்டத்தைப் பத்திக் கேளுங்க, எங்களுக்கு நாங்களாக் கேக்குற வரைக்கும் யாரும் சொல்லல. அப்புறம் நீங்க சேர்த்த பேப்பர் எல்லாத்துக்கும் ரெண்டு காப்பி, வேற வேற வீட்டுல. பிரெஞ்சு அரசே 1776ல காலனிப் பதிவுகளோட ஒரு காப்பியைக் கப்பல்ல பிரான்ஸுக்கு அனுப்பணும்னு உத்தரவு போட்டுச்சு, அதனாலதான் 1902ல மார்த்தினிக்ல எரிமலை வெடிச்சு சேன்-பியேர் ஊரே எரிஞ்சு 28,000 பேர் செத்தப்பவும் அந்த ஊரோட பழைய பதிவெல்லாம் இன்னைக்கு நாம படிக்க முடியுது.

எங்க லிஸ்ட் முடிஞ்சுது, மொத்தம் 11 வாரிசு. அத்தை அந்த வீட்டுலயே கடைசி வரைக்கும் இருக்கணும்னு பத்து பேர் கையெழுத்துப் போட்டாச்சு. பதினொண்ணாவது ஆளு பிரெஞ்சு கயானாவுல கயென்ல இருக்காரு, போன் எடுக்க மாட்டேங்குறாரு. மார்ச்ல மாமியார் ஊருக்குப் போறாங்க, அவரோட அக்காவைப் பிடிச்சுப் பேசப் போறாங்களாம், கையில ஒரு கிலோ கொலம்போ தூள் அரைச்சு எடுத்துட்டு.